இல்லாத பெடலை மிதிக்கிறவன்

தெருமுனை திரும்பி வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் டெல்மர் ஸ்ட்ரூப்பின் இடது கால் ஒருமுறை தரையை மிதிக்கும். மரக்கடையைத் தாண்டினால் இன்னொரு முறை. கால் போய் இறங்குகிற இடத்தில் பெடல் என்று ஒன்றும் கிடையாது. கம்பளம்தான். அதுவும் தேய்ந்து தேய்ந்து, அடியில் இருக்கிற தகரம் ஒரு ஆப்பிள் அகலத்துக்குப் பளபளவென்று தெரியும். அவனுடைய அறுபத்தெட்டாம் வருடத்துச் செவெல் கார் ஆட்டோமேட்டிக் வண்டி. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும், யாரும் உதவி செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அது மாற்றுகிற நேரம் பார்த்து டெல்மர் கிளட்ச் மிதிப்பான். கூடவே வலது கை தொடைக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுக்கும்.

வண்டியில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். புல் வெட்டுகிற இயந்திரத்தில் ஏறினாலும் மிதிப்பான். பல் டாக்டர் நாற்காலியைச் சாய்த்தபோது மிதித்து, குறடு வைத்திருந்த தட்டைக் கவிழ்த்திருக்கிறான். தேவாலயத்தில் பாட்டு சுருதி ஏறும் இடத்தில் அவன் பக்கத்தில் நின்றால் உங்கள் கால் கட்டைவிரலுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இந்தியானாவில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேர் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள். மீதிப் பேர் அவர்களுக்குச் சமைத்துப் போட்டும் முடி வெட்டியும் பிழைக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவனை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். வாரம் பூராவும் அதைச் செய்வோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் காறித் துப்புவோம். யாரும் இதில் ஒரு முரண்பாடு இருப்பதாக நினைத்ததில்லை. கசாப்புக்கடைக்காரன் காய்கறி சாப்பிடக் கூடாதா?

தொழிற்சாலையில் டெல்மரின் வேலை ‘பார்க்’கைச் சோதிப்பது. நான் பக்கத்து மேடையில் இருந்ததால் தினமும் பார்த்தேன். ஆட்டோமேட்டிக்கில் வண்டியை நிறுத்தியதும் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கிற லீவரை மேலே தள்ளி ‘பார்க்’ என்ற இடத்தில் போட வேண்டும். உள்ளே ஒரு இரும்பு நாக்கு பல்சக்கரத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும், சக்கரம் அசையாது. ஒவ்வொரு பெட்டியாக வரும். டெல்மர் அதைப் பார்க்கில் போடுவான், முறுக்குகிற இயந்திரத்தை மாட்டி முறுக்கிப் பார்ப்பான், பிடித்தால் மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல ஒரு தட்டு. ஓய்வு பெறுகிற வரைக்கும் இதே வேலை. இதிலிருந்து அவனுக்கு ஒரு வேதவாக்கும் பிறந்தது: “பார்க்குல போட்டாச்சுன்னா அப்புறம் அது வண்டி இல்ல, வீடு.”

அவன் செவெலில் ஹேண்ட்பிரேக் கம்பி துருப்பிடித்து அறுந்து எத்தனையோ வருடம் ஆகிறது. மாற்றேன்டா என்று நான் சொன்னால் முகத்தைச் சுளிப்பான். ஹேண்ட்பிரேக் எல்லாம் நம்பிக்கை இல்லாதவனுக்கு என்பான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் எல்லோரும் கூடுகிற இடம் மெயின் ரோட்டில் இருக்கிற ரூட் பீர் கடை. பெயரில்தான் பீர், குழந்தைக்கும் கொடுக்கலாம். பெரிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி, தட்டில் வைத்து, தட்டைக் கார் ஜன்னலிலேயே மாட்டிவிட்டுப் போவார்கள். கூடவே அடித்துத் தட்டையாக்கிப் பொரித்த பன்றிக்கறி வைத்த ரொட்டி. கறி ரொட்டியைவிட நாலு மடங்கு பெரிதாக நாலு பக்கமும் தொங்கும். டெல்மர் அதை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கடித்து, ரொட்டி அளவுக்குக் கொண்டு வந்தபிறகு, வயிறு நிறைந்துவிட்டது என்று நடுப்பாகத்தை நாய்க்கு எடுத்துப் போவான்.

கடைக்கு முன்னால் ரோட்டைப் பார்த்து ஒரு வரிசை உண்டு. அது மூன்று பெடல் வண்டிகளுக்கு மட்டும். கிளட்ச் இல்லாத வண்டி கடைக்குப் பின்னால், பழைய எண்ணெய் கொட்டுகிற பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சட்டம் போட்டவன் லைல் கிம்மல். தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டுக்கு மேஸ்திரியாக இருந்து எங்களை ஆட்டோமேட்டிக் செய்யச் சொல்லி விரட்டிய அதே லைல்தான். முன்வரிசைக்கு வர இன்னொரு நிபந்தனையும் வைத்திருந்தான்: எல்லோரும் பார்க்க, வண்டியைத் தானே பின்பக்கமாக ஓட்டி வந்து இடத்தில் விட வேண்டும். அந்த இடம் ரோட்டுப் பக்கமாகச் சரிவு. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதில் ஆளின் கால் தெரிந்துவிடும் என்பது லைலின் கணக்கு.

இருபது வருடமாக டெல்மர் எண்ணெய்ப் பீப்பாயோடு நின்றான். ஈயும் ஒற்றைக்கண் பூனையும் துணை. அவன் வண்டி கடைக்குள் திரும்பும்போது முன்வரிசை ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய காது, கியர் மாறுவது தெரியும். ஜன்னல் வழியாக டெல்மரின் தோள் ஆடுவதும் தெரியும். “ரெண்டாவதுக்கு லேட்டா மிதிச்சான்பா” என்று ஒருவன் சொல்வான். இன்னொருவன் இல்லை, சரியாகத்தான் மிதித்தான் என்பான். சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவார்கள், டெல்மரும் ஆட்டுவான். பிறகு பின்னால் போய்ப் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் கடிப்பான். அந்த முன்வரிசையில் ஒரு இடம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

அவன் மனைவி நோரீன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். பேசுவது குறைவு. செவ்வாய்க்கிழமை தோறும் செவெலை எடுத்துக்கொண்டு யூக்கர் சீட்டு ஆடப் போவாள், பெரும்பாலும் ஜெயித்துவிட்டு வருவாள். டெல்மர் அவளை முதன்முதலில் வெளியே கூட்டிப்போனதும் இந்த ரூட் பீர் கடைக்குத்தான். அன்றைக்கு இரண்டு காகிதத் தட்டுகளை ஒன்றோடொன்று உரசிக் காட்டி, கிளட்ச் எப்படிப் பிடிக்கும் எப்படி விடும் என்று அவளுக்கு விளக்கினான். அவள் மோவாயில் கை வைத்துக் கேட்டாள். அந்த விளக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. சாப்பாட்டு மேஜையில், கட்டிலில், அவள் அப்பா சாவுக்குப் போகும் வழியில்கூட நடந்தது.

போன குளிர்காலத்தில் ஒருநாள் டெல்மர் என் வீட்டுக்கு வந்து, செவெலின் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டுக் கையால் மாற்றுகிற நாலு கியர் பெட்டி வைக்கப் போகிறேன், ஜாக்கி எடுத்துக்கொண்டு வா என்றான். பழைய வண்டி உடைக்கிற இடத்தில் பெட்டி, கிளட்ச், இரட்டைப் பெடல் எல்லாம் பார்த்து வைத்துவிட்டானாம். நோரீன் என்ன சொன்னாள் என்று கேட்டேன். எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை சீட்டுக்கு நீதான் என்னைக் கொண்டுபோய் விட வேண்டும் என்றாளாம். பாவம், அவளுக்குக் கிளட்ச் வராதே என்று டெல்மர் வருத்தப்பட்டான்.

பெட்டியைக் கழற்றி இறக்கியதும் முதல் காரியமாக அதைப் பார்க்கில் போட்டான். கீழே படுத்திருந்த நான் எதற்கு என்று கேட்டேன். “அது பாட்டுக்கு உருண்டு போயிட்டா?” என்றான். அறுபது கிலோ இரும்புக் கட்டி, சக்கரமும் கிடையாது. போர்வையில் சுற்றி வீட்டுக்குள் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தான். மறுநாள் நோரீன் அதன் மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தாள்.

தரையில் கியர் ராடுக்கு ஓட்டை போடும் வேலையில் ஒரு வாரம் போனது. டெல்மர் வண்டி சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு அளவெடுத்தான். அளவு சரி. சீட்டைத் திரும்பப் போட்டதும் ராடு இரண்டாவது கியரில் சீட்டின் வயிற்றில் போய்க் குத்தியது. பிறகு ராடைப் பழுக்கக் காய்ச்சி, முன்பக்கமாக வளைத்து, ஒருவழியாக முடித்தோம். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. பழைய லீவர் பார்க்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு வயர் உண்டு. லீவர் போனதால் அந்த வயர் பார்க்கைத் தேடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன்.

“இனிமே இதுக்குப் பார்க் கிடையாதுடா” என்றேன்.

டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

உண்மையான சங்கடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பெடல் மாட்டியாகிவிட்டது, டெல்மரின் கால் அதை மிதிக்கவில்லை. இருபது வருடமாக அவன் கால் இறங்கிய இடம், கம்பளம் தேய்ந்த அந்தத் தகர வட்டம், நிஜப் பெடலுக்கு ஒரு சாண் இடது பக்கமாக இருந்தது. கண்ணால் பார்த்து மெதுவாக வைத்தால் பெடல் கிடைக்கும். அவசரத்தில் கால் தன் சொந்த ஊருக்கே போய்விடும். அங்கே ஓங்கி மிதிப்பான், கை கியரைத் தள்ளும், பல் நறநறவென்று கடிக்கும், வண்டி தவளை மாதிரி எம்பி அணைந்துபோகும்.

பெடலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம். வட்டத்தின் மேல் செங்கல் வைத்தோம், செங்கல் உருண்டு பிரேக்குக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் நோரீன் நாய் கடித்து விளையாடுகிற ரப்பர் கோழியைக் கொண்டுவந்து அந்த வட்டத்தின் மேல் கட்டினாள். தப்பான இடத்தில் மிதித்தால் கீச் என்று கத்தும், டெல்மருக்கு உறைக்கும். வசந்தம் பூராவும் எங்கள் தெருவில் கீச், நறநற, தொப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கீச்சுக்கும் நாய் கேட்டருகே வந்து நின்று அழும்.

செவ்வாய்க்கிழமைகளில் நோரீனைச் சீட்டுக்கு விடப் போகும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். வண்டி எம்பும்போது மட்டும் தலையைப் பிடித்துக்கொள்வாள். டெல்மர் இரண்டு கையையும் உரசிக் காட்டி, “இப்ப பிளேட்டு சரியா பிடிக்கல, அதான்” என்று விளக்குவானாம்.

மே மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு டெல்மர் வந்தான், பக்கத்தில் நோரீன். முன்வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. லைல் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். முதல் தடவை கீச். வண்டி அணைந்தது. இரண்டாம் தடவையும் கீச். என்னப்பா, உள்ளே கோழி வளர்க்கிறானா என்று ஒருவன் கேட்டான். மூன்றாம் தடவை டெல்மர் தலையைக் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு மிதித்தான். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை, நாங்களாகவே ஒதுங்கிக்கொண்டோம். வண்டி நடுங்கி நடுங்கி ஏறி இடத்தில் நின்றது. லைல் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான். எல்லோரும் கை தட்டினோம்.

டெல்மர் நியூட்ரலுக்குத் தள்ளி இன்ஜினை அணைத்தான். அவன் வலது கை ஸ்டீயரிங் பக்கத்தில் உயர்ந்தது. அங்கே இல்லாத லீவரைப் பிடித்து, மேலே பார்க்குக்குத் தள்ளியது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வருடக்கணக்காகப் பார்த்த அசைவு, எனக்கும் மண்டையில் உறைக்கவில்லை. அவன் இறங்கி, காலரைச் சரிசெய்துகொண்டு, லைலுக்குக் கை கொடுக்கப் போனான்.

கடைப்பெண்மணி இரண்டு குவளை ரூட் பீரும் நோரீனின் பன்றிக்கறி ரொட்டியும் வைத்த தட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்து ஜன்னலில் மாட்டினாள். அந்தப் பாரம் போதுமாக இருந்தது. செவெல் மெதுவாக, மரியாதையாக, ரோட்டைப் பார்த்து இறங்க ஆரம்பித்தது.

டெல்மர் திரும்பிப் பார்த்தான். ரோட்டில் வலது பக்கத்திலிருந்து விதைக்கிற இயந்திரத்தை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு வந்தது.

“பார்க்குல போடு!” என்று கத்தினான். “நோரீன், பார்க்குல போடு!”

ஊரில் இத்தனை பேர் நின்றோம், அந்த வண்டியில் பார்க் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கழற்றி வீட்டில் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தவனே அவன்தான்.

நோரீன் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். விரலைத் துடைத்துக்கொண்டாள், அதை நான் பார்த்தேன். நீள சீட்டில் அப்படியே நகர்ந்து ஸ்டீயரிங் பக்கம் வந்தாள். இன்ஜின் உறுமியது. வண்டி ரோட்டில் இறங்கிய வேகத்திலேயே வளைந்து, டிராக்டருக்கு முன்னால் நழுவி, வங்கிப் பக்கம் போய் மறைந்தது. அதற்கப்புறம் எங்களுக்குக் காதுதான். இரண்டாவது. மூன்றாவது. வங்கிக்குப் பின்னால் திரும்பும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள், நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி. பட்டுத்துணி கிழிகிற மாதிரி இருந்தது. எங்கேயும் ஒரு கீச் இல்லை. லைல் கையில் இருந்த குவளையைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

தெருவைச் சுற்றி வந்தவள் கடைக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள், ரிவர்ஸ் போட்டாள், ஒரே மூச்சில் ஏற்றத்தில் ஏறி அதே இடத்தில் விட்டாள். வண்டி உருளாதபடி முதல் கியரில் போட்டு அணைத்தாள். தட்டில் ரூட் பீர் நுரை கூடக் கலையவில்லை. எட்டி ரொட்டியை எடுத்து விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

டெல்மர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டான்.

“அப்பாவோட சோள லாரி. ஒம்பது வயசுல” என்றாள் நோரீன்.

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். “நீ வெளக்கிட்டு இருந்தே. நடுவுல நிறுத்த மனசு வரல.”

இதற்குள் லைலுக்கு மேஸ்திரி குரல் திரும்பி வந்துவிட்டது. வண்டியைப் பூட்டாமல் சரிவில் விட்டுவிட்டுப் போனவனுக்கு முன்வரிசை கிடையாது, சட்டம் சட்டம்தான் என்றான். டெல்மர் பின்னால் போகத் திரும்பினான். போகட்டும், ஆனால் இந்த இடம் இந்த அம்மாவுக்கு என்று லைல் முடித்தான். பின்பக்கமாகக் கொண்டுவந்து விட்டது அவள், இடம் அவள் பேரில். வெள்ளிக்கிழமை தோறும் அவள் ஓட்டிக்கொண்டு வந்தால் செவெல் முன்னால் நிற்கும். டெல்மர் ஓட்டி வந்தால் பூனைக்குப் பக்கத்தில்.

அந்த வாரம் முழுக்க டெல்மர் கணப்புக்குப் பக்கத்தில் பூந்தொட்டியை நகர்த்திவிட்டுப் பழைய பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான் என்று நோரீன் சொன்னாள். அதைத் திரும்ப வண்டியில் மாட்டிவிடுவானோ என்று நான் பயந்து, ஜாக்கியை என் மச்சான் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நோரீன் சீட்டுக்கு நடந்தே போனாள். சாவியை அவன் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் என் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். செவெல் அவர்கள் வீட்டுக் கேட்டருகே நின்றது. நோரீன் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்து, வண்டிக்கு முன்னால் எந்தப் பக்கமும் போகாமல் நின்றாள். டெல்மர் அதே இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். நேராக ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

சரி, இன்றைக்கும் பூனைதான் என்று நினைத்தேன்.

அவன் உட்காரவில்லை. குனிந்து, தரையில் கை விட்டு, எதையோ பிடுங்கினான். நிமிர்ந்தபோது கையில் ரப்பர் கோழி இருந்தது. வண்டியைச் சுற்றி வந்து சாவியை நோரீன் கையில் கொடுத்துவிட்டு, மறுபக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். கோழியைத் தன் காலடியில் வைத்து, இடது காலால் அப்படியும் இப்படியும் தள்ளி இடம் பார்த்தான்.

நோரீன் ஸ்டார்ட் செய்தாள். வண்டி என் வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பி, வேகம் எடுத்தது. அவள் இரண்டாவதுக்கு மாற்றினாள். அந்த நொடிக்குச் சரியாகக் கேட்டது: கீச்.